கார்த்திகையில் விதைத்த நாலு மாசத்துச் சோளம்

மகனுக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். நீ நல்லா இருக்கியான்னு கேக்க இப்ப எனக்கு மனசு வரலை. அறந்தாங்கிப் பக்கம் பெரிய வேலையா மாத்திக் குடுத்து, மாலை போட்டு, வரிசையா நிக்க வச்சுப் போட்டோ எடுத்து அனுப்பப் போறாங்களாம், கேள்விப்பட்டேன். அப்பறம் என்ன, நல்லாத்தான் இருப்பே. இந்தக் கடுதாசியை நான் ஒட்டாமத்தான் குடுத்து விடுறேன். கொண்டாற ஆளு வழியில டீக்கடையில உக்காந்து சத்தமாப் படிச்சாலும் படிக்கட்டும், ஒன் ஆபீசு கிளார்க்கு பிரிச்சுப் பாத்தாலும் பாக்கட்டும். ஊர் பாக்க நடந்த காரியத்துக்கு மூடி ஒட்டுறது எதுக்கு? அஞ்சாங்கிளாசு படிச்சவ கையெழுத்து, கோணலாத்தான் இருக்கும். அதைச் சாக்குச் சொல்லிப் பாதியில மடிச்சுப் பையில வச்சிராதே.

புதன்கிழமை சின்னக்கண்ணு அண்ணன் யூனியன் ஆபீசுக்குப் போயிட்டு வந்தாரு. யாரு சின்னக்கண்ணுன்னு ஒனக்கு இப்ப மறந்திருக்கும், அதனால சொல்றேன். நம்ம புஞ்சைக்குக் கிழக்கே அடுத்த வரப்பு. ஒனக்கு மாமன் முறை. நீ சைக்கிள் ஓட்டப் பழகினதே அவரு சைக்கிள்ல. அதுல ரெண்டு கம்பி ஒடிஞ்சு வந்து நின்னப்ப, "மாப்ளே கால் ஒடியலையே, அது போதும்"னு சொன்ன மனுசன். இந்தக் கோடையில வத்திப்போன கிணறுகளைத் தோண்டி ஆழமாக்க யூனியன்ல ஆளும் வெடியும் குடுக்குறாங்கல்ல, அந்தப் பட்டியல்ல அவரு பேரு இருந்துச்சு. எப்ப வாராங்கன்னு கேக்கத்தான் போனாரு. கிளார்க்கு பைலைப் பொரட்டிட்டு, "ஒங்க பேரை அடிச்சாச்சு பெரியவரே"ன்னு சொல்லியிருக்கான். ஏன்னு கேட்டதுக்கு ஒரு காயிதத்தை எடுத்துப் படிச்சுக் காமிச்சிருக்கான். "மேற்படி விவசாயி உரிய காலத்தில் களை எடுக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சுவதில் அலட்சியம் காட்டினார். இதனால் மாதிரி வயலில் மகசூல் இல்லாமல் போனது." அடியில கையெழுத்து, விதை குடுத்து வெள்ளாமை சொல்லித் தர்ற கிராமசேவக். நீ.

அவரு நேரா நம்ம புஞ்சைக்கு வந்தாரு. நான் வேலி முள்ளு ஒதுக்கிக்கிட்டு இருந்தேன். துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "தங்கச்சி, நான் களை எடுக்கலைன்னு மாப்ளே எழுதியிருக்காரு. நீயே சொல்லு, அந்தக் களையை எடுத்தது யாரு?"

யாருடா எடுத்தது? நான் எடுத்தேன்! நானும் அவரு சம்சாரமும் எடுத்தோம். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. கயிறு பிடிச்சு வரிசையில போட்ட சோளம், வரிசைக்கு நடுவுல ஒரு கோரை இருக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லிட்டுப் போனே? எம் மகன் வச்ச வயலு, நாலு பேரு வந்து பாப்பாங்க, சுத்தமா இருக்கணும்னு எம் புஞ்சைக் களையை விட்டுட்டு அங்கிட்டுப் போயிக் குனிஞ்சு கெடந்தேன். இடுப்பு விட்டுப் போச்சு, அண்ணி வேப்பெண்ணெய் காய்ச்சித் தேச்சு விட்டா. அந்த ரெண்டு பொம்பளைகளையும் சேத்துத்தான் நீ அலட்சியம்னு எழுதிட்டே. எழுதுறப்ப ஒரு நிமிசமாவது என் மூஞ்சி ஒனக்கு ஞாபகம் வந்துச்சா? வந்திருக்காது. வந்திருந்தா பேனா ஓடியிருக்குமா?

நடந்ததை வரிசையாச் சொல்றேன், ஒன் ரிப்போட்டுல வரிசை மாறிக் கெடக்கு. போன வருசம் புரட்டாசி முழுக்க வானம் வெளுத்துக் கெடந்துச்சு. ஐப்பசியில ரெண்டு தூத்தல், செம்மண்ணு நாக்கை நனைச்சதோட சரி. கார்த்திகை பொறந்து பத்து நாளைக்கு மேல ஆன பெறகுதான் ஏர் எறங்குற ஈரம் கெடச்சுச்சு. அன்னைக்கு மத்தியானம் நீ சைக்கிள்ல வந்து எறங்குனே. சுண்டவத்தக் குழம்பு ஊத்திச் சோறு போட்டேன். சாப்பிட்டுக்கிட்டே நீயாத்தான் சொன்னே, நான் கேக்கலை. "ஆபீசுக்கு ரெண்டு தினுசு மக்காச்சோள விதை வந்திருக்கு ஆத்தா. ஒண்ணு வீரிய ஒட்டு, நாலு மாசத்துப் பயிரு, ஆளு ஒசரத்துக்கு மேல போகும், கருது முழங்கை நீளம். இன்னொண்ணு மூணு மாசத்துக்குள்ள முடிஞ்சுரும். குட்டை. கருதும் சின்னது."

"இப்ப எதைப் போடணும்?"ன்னு கேட்டேன்.

"மழை ஒரு மாசத்துக்கு மேல பிந்திருச்சுல்ல, சின்னதைத்தான் போடணும். பெருசைப் போட்டா, பூ எடுத்து மணி பிடிக்கிறப்ப மண்ணுல ஈரம் இருக்காது. சின்னது அதுக்கு முன்னாலேயே மணி பிடிச்சுரும்."

"அப்ப சின்னதையே போடு."

"நீ வேற ஆத்தா! பெரிய ஆபீசருங்க ஜீப்புல வந்து பாக்கப் போறாங்க. இடுப்பொசரச் சோளத்தையா காட்டுறது? சிரிப்பாங்க. பெருசைத்தான் போடப் போறேன். மார்கழியில ஒரு மழை பேயாமலா போயிரும்?" இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துன்னு தட்டை நீட்டுனே. ஊத்துனேன்.

ஆக, ஒனக்குத் தெரியும். தெரியாமப் போட்டிருந்தா நான் இந்தக் கடுதாசியே எழுதியிருக்க மாட்டேன். தெரியாமத் தப்புப் பண்ணாத, ஏர் பிடிக்கிற சம்சாரி எவன் இருக்கான்? புதுப் பயிரு, வடக்கேருந்து வந்த விதை, நம்ம மண்ணுல போட்டுப் பாத்தாத்தான் தெரியும்னு நானே ஒனக்காகப் பேசியிருப்பேன். ஆனா நீ சோத்துல கையை வச்சுக்கிட்டு எது சரின்னு சொல்லிட்டு, கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயித் தப்பைப் பண்ணுனே.

அன்னைக்குச் சாயங்காலமே மூட்டையோட அவரு புஞ்சைக்குப் போனே. நான் இங்கிட்டு வரப்புல புல்லு அறுத்துக்கிட்டு இருந்தேன். அவரு அந்த ஈரத்துக்குக் கொள்ளு தெளிக்கத்தான் எடுத்து வச்சிருந்தாரு. மழை பிந்தினா இங்க எல்லாரும் அதைத்தான் செய்வாங்க; கொள்ளு இருக்குற ஈரத்துல வந்துரும், மாட்டுக்கும் ஆச்சு, மனுசனுக்கும் ஆச்சு. நீ கொள்ளு மூட்டையை ஓரமா வைக்கச் சொன்னே. அவரு மக்காச்சோளத்தைக் கையில அள்ளிப் பாத்துட்டு, சம்சாரி கேக்க வேண்டிய கேள்வியைச் சரியாக் கேட்டாரு. "மாப்ளே, இது எத்தனை மாசத்துப் பயிரு? மழை பிந்தியில்ல போச்சு." நீ ஒரு தரம் திரும்பி என்னையப் பாத்தே. அப்பறம் சிரிச்சுக்கிட்டே சொன்னே, "மூணு மாசந்தான் மாமா. வீரியம்ல, விறுவிறுன்னு வந்துரும்."

நான் வாயைத் திறக்கலை. அதையும் எழுதத்தான் வேணும். காதுல விழுந்துச்சு, நீ பொய் சொல்றேன்னு தெரிஞ்சுச்சு, குனிஞ்சு புல்லை அறுத்தேன். எம் மகன் கால்சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறான், ஊரு ஆளு கையைக் கட்டிக்கிட்டுக் கேக்குறாரு, அந்தப் பெருமையில என் நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒன் மேல இருக்குற கோவத்துல பாதி எம் மேலயே இருக்கு. ஆனா அதைச் சொல்லி நீ தப்பிச்சுக்க முடியாது, மிச்சப் பாதியே ஒனக்குத் தாங்காது.

சோளம் வந்துச்சு, அதைக் கொறை சொல்ல மாட்டேன். தை பொறந்து ஒரு வாரத்துல ஆளை மறைச்சு நின்னுச்சு. உச்சியில குஞ்சம் எட்டிப் பாக்குற நேரம் ஜீப்பு வந்துச்சு. வெள்ளைத் தொப்பி வச்ச ஆபீசரு சோளத்துக்குள்ள நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. ஒன் தோள்ல தட்டுனாரு. ஒன் பெரிய வேலை அன்னைக்கே முடிவாயிருச்சுன்னு நீதான் பெறகு சொன்னே. சின்னக்கண்ணு அண்ணனை முண்டாசை அவுத்துட்டு ஓரமா நிக்கச் சொன்னாங்க. எலுமிச்சம்பழம் குடுத்தாரு, வாங்கிக்கிட்டாங்க. ஜீப்பு போச்சு, நீயும் பின்னாலேயே போனே. அதுக்கப்பறம் நீ அந்த வயலுப் பக்கம் எத்தனை தடவை வந்தே? வெரல் விட்டு எண்ணு பாப்போம்.

நீ வராத நாள்ல நடந்ததைக் கேளு. மார்கழிப் பாதியோடயே மழை நின்னுபோயிருந்துச்சு. அந்த மனுசன் மாட்டைக் கட்டிக் கிணத்துலேருந்து கவலையில தண்ணி எறைச்சாரு. நாலஞ்சு நாள் தண்ணி வந்துச்சு, அப்பறம் தோல்சாலு கிணத்துக்குள்ள எறங்கிச் சேத்தைத்தான் மொண்டுக்கிட்டு வந்துச்சு. சேறு தெளியட்டும்னு காத்துக் கெடந்து, ஊறுன தண்ணியைக் கொடத்துல மொண்டு, அவரும் அண்ணியும் செடி செடியா ஊத்துனாங்க. சோளத்துக்குக் கொடத்துல தண்ணி ஊத்துன ஆளைத்தான் நீ அலட்சியம்னு எழுதினே! கருது மயிர் விட்டுச்சு. மயிர் வெளிய வந்த வெயில்லயே கருகுச்சு. மாசியில மட்டையை உரிச்சுப் பாத்தோம், அடியில நாலு மணி, நுனியில ரெண்டு மணி, நடுவுல பொக்கை. அண்ணி ஒவ்வொரு கருதா உரிச்சு உரிச்சுப் போட்டா, அடுத்ததுல இருக்கும், அடுத்ததுல இருக்கும்னு. போதும் விடுன்னு அவரு கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அந்தச் சின்ன விதையைப் போட்டிருந்தா, தை பொறக்கும் முன்னாலேயே மயிர் விட்டு, இருந்த ஈரத்துல அரைக் கருதாவது தேறியிருக்கும். கொள்ளைத் தெளிச்சிருந்தா மாடாவது தின்னிருக்கும்.

பங்குனியில நீ அல்வாப் பொட்டலத்தோட வந்தே, பெரிய வேலை கெடச்சிருச்சுன்னு. அப்பவே கேட்டேன். "மாமன் புஞ்சை ஏன் இப்படிப் போச்சுன்னு மேல எழுதினியா?"

"எழுதியாச்சு, எழுதியாச்சு."

"என்னன்னு எழுதினே?"

"அதெல்லாம் ஆபீசு வெவகாரம் ஆத்தா, ஒனக்குப் புரியாது."

புரியாதா? எனக்கா புரியாது? டேய், ஒனக்கு இந்த வித்தையைக் கத்துக் குடுத்தவளே நான்தான். அதை இத்தனை வருசம் யாருக்கும் சொன்னதில்லை. இப்பச் சொல்றேன், கேட்டுக்க.

ஒங்க அக்கா கல்யாணத்துக்கு முந்துன வெள்ளாமை. நீ அப்ப சிலேட்டுத் தூக்குற வயசு, ஒனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அந்த வருசமும் மழை பிந்தித்தான் வந்துச்சு. கார்த்திகையிலதான் கண்மாயில தண்ணி ஏறுச்சு, அதுவும் முக்காக் கண்மாய்க்குக் கொறச்சல். ஒங்க அப்பா கரையில நின்னு பாத்துட்டு வந்து சொன்னாரு. "இந்தத் தண்ணி மாசி பொறக்குற வரைக்கும் வரும், மேல ஒரு வாரம் வந்தா அதிசயம். அங்கேருந்து பின்னால எண்ணிப் பாரு. மூணு மாசத்துக் குறுவை நெல்லைப் பாவுனா தப்பிச்சோம். ஆறு மாசத்துச் சம்பாவைப் போட்டா கதிரு தொண்டையில நிக்கிறப்ப வாய்க்கா காஞ்சிரும்." அவரு கணக்கு எப்பவும் அப்படித்தான். விதைக்கிற நாள்லேருந்து முன்னால எண்ண மாட்டாரு, தண்ணி தீர்ற நாள்லேருந்து பின்னால எண்ணுவாரு. ஒங்க ட்ரெயினிங்ல இதைத்தான் கரும்பலகையில எழுதிப் போட்டாங்கன்னு நீ வந்து சொன்னப்ப, அவரு இருந்து கேக்கலையேன்னு எனக்குத் தோணுச்சு.

நான் ஆடுனேன் ஆட்டம். கல்யாணச் சீருல மொதக் கூடையில போறது நம்ம வயல்ல வெளஞ்ச புது அரிசி. அதைத்தான் மாப்பிள்ளை வீட்டுல பங்காளிகளை உக்கார வச்சுப் பொங்கிப் போடுவாங்க, எலையைப் பாத்தே பொண்ணு எப்படிப்பட்ட வீட்டுலேருந்து வந்தான்னு எடை போடுவாங்க. குடுமியான்மலைப் பக்கத்துச் சம்பந்தி, வாயாடி ஜனம். அவங்க எலையில குறுவையோட செவப்புக் கொட்டை அரிசியையா போடுறது? "சீரகச் சம்பா இல்லாம எம் மக படியெறங்க மாட்டா"ன்னு சொன்னேன். மூணு நாளு அடுப்புப் பத்த வைக்கலை. நாலாம் நாள் அவரு ஒண்ணும் பேசாம நாத்தங்காலுக்குப் போயிச் சம்பாவைப் பாவிட்டு வந்தாரு. செயிச்சுட்டேன்னு அன்னைக்கு வடை சுட்டேன்.

மாசியில என்ன ஆச்சுன்னு எழுதணுமா? அவரு சொன்னது நாளு தப்பாம நடந்துச்சு. கதிரு தொண்டையில நின்னுச்சு, கண்மாயில சேறு வெடிச்சுச்சு. அறுத்தது அம்புட்டும் பதரு. அதோட போயிருந்தாப் பரவாயில்லை. சம்பந்தி வீட்டுலேருந்து ஆளு வந்து, "என்ன இப்படி ஆயிப்போச்சு"ன்னு கேட்டப்ப, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த மனுசன் மடையில முறைத்தண்ணிக்குக் காவல் இருக்கப் போனவரு துண்டை விரிச்சுத் தூங்கிட்டாரு. தண்ணியெல்லாம் அடுத்தவன் வயலுக்குப் போயிருச்சு, நம்ம வயலு காஞ்சுபோச்சு"ன்னு சொன்னேன். அவரு மோரைக் கையில வச்சுக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னாரு. என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அவங்க குடிக்க மோரை நீட்டுனாரு. அம்புட்டுத்தான்.

அந்தப் பேச்சு ஊருக்குள்ள போயி, அவருக்குத் தூங்குமடைன்னு பேரு வந்துச்சு. டீக்கடையில, களத்துல, எங்க போனாலும் "என்ன தூங்குமடை, முழிச்சிருக்கியா?" அவரும் சேந்து சிரிப்பாரு. ஒங்க அக்காளையே மாமியார்க்காரி, "தூங்குமடை மகதானே, விடிஞ்சும் எந்திரிக்க மாட்டா"ன்னு குத்துவாளாம், வந்து அழுவா. அப்பவும் நான் வாயைத் திறக்கலை. அவரைத் தூக்கிக்கிட்டுப் போறப்பக் கூட யாரோ ஒருத்தன் அந்தப் பேரைச் சொல்லித்தான், பாவம் நல்ல மனுசன்னு சொன்னான். நான் மாருல அடிச்சு அழுதேன். புருசன் போன துக்கம்னு நெனச்சாங்க. அதுல பாதிதான் துக்கம்.

இப்பப் புரியுதா, எனக்கு என்ன புரியும் என்ன புரியாதுன்னு? மழை பிந்தின வருசத்துல நீண்ட பயிரு போட ஆசைப்படுறது வேற யாரும் இல்லை, நம்ம ரத்தம். எனக்குச் சம்பந்தி எலை, ஒனக்கு ஜீப்பு. வெள்ளாமை போன பெறகு பக்கத்துல நிக்கிற வாய் பேசாத ஆளைக் கை காட்டுனதும் நம்ம ரத்தம். நான் பெத்து, பாலு குடுத்து, இதையும் சேத்துக் குடுத்திருக்கேன்னு நெனைச்சா எனக்கு வயிறு எரியுது. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. நான் கெடுத்த ஆளு செத்துப் போயிட்டாரு, அவருக்கிட்ட நான் இனிமே எதையும் சொல்ல முடியாது. நீ கெடுத்த ஆளு அடுத்த வரப்புல உயிரோட இருக்காரு.

இது வரைக்கும் எழுதி முடிச்சு, நேத்து மத்தியானம் சின்னக்கண்ணு அண்ணனை வரச் சொன்னேன். அவரையும் அண்ணியையும் உக்கார வச்சு, முழுசையும் படிச்சேன். நீ தெரிஞ்சே போட்டதையும், நான் தெரிஞ்சே குனிஞ்சு நின்னதையும், ஒங்க அப்பாவைப் பத்திச் சொன்ன பொய்யையும் ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். நடு நடுவுல அண்ணிதான் தண்ணி குடுத்தா. படிச்சு முடிச்சுட்டு, காறித் துப்புனாலும் துப்பட்டும்னுதான் நிமிந்து பாத்தேன்.

அவரு சொன்னாரு, "மச்சான் தூங்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும் தங்கச்சி. அந்த மாசம் பூரா அவரோட முறைத்தண்ணிக்கு மடையில கெடந்தவன் நான்தானே. ஊருக்குள்ள சொல்லட்டான்னு கேட்டேன். வேண்டாம்டா, கல்யாண வீடு, அவ பேரு கெடக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

கடுதாசியை மடிச்சு மடியில வச்சேன். இத்தனை வருசமா இந்த மனுசன் எதிருல நின்னுதான் நான் தலை நிமிந்து பேசிக்கிட்டு இருந்திருக்கேன். எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் என்னையத் தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டிருக்காரு. அப்பறம் அவரே சொன்னாரு. "சோளமும் அப்படித்தான். எத்தனை மாசம்னு நான் கேட்டப்ப, நீ குனிஞ்சே. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"பின்ன ஏண்ணே வாங்கிப் போட்டீங்க? கொள்ளு மூட்டைதான் கையில இருந்துச்சே!"ன்னு கத்திட்டேன்.

"நம்ம புள்ளையாச்சே"ன்னு சொன்னாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு. துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, மாட்டைத் தண்ணிக்கு விடணும்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.

கேட்டியாடா? நல்லாக் கேட்டுக்க. ஒன் விதையை நம்பிப் போடலை. ஒன் ஆபீசை நம்பிப் போடலை. அந்த வார்த்தையைக் கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கலை. ஒனக்கு எறங்குதா?

ஆர்டருன்னு சொல்லுவே. பெரிய விதைதான் போடணும்னு மேலேருந்து சொன்னாங்கன்னு சொல்லுவே. எந்த மேலதிகாரி கார்த்திகையில வந்து ஈரத்தைத் தொட்டுப் பாத்தான்? அதைத் தொட்டுப் பாத்துச் சொல்லத்தானே ஒனக்குச் சைக்கிளும் நோட்டும் குடுத்தாங்க? மழை பிந்திருச்சு, சின்னதைப் போடுறேன்னு நீ ஒரு வரி எழுதியிருந்தா ஒன் தலையையா எடுத்திருப்பாங்க? இப்பவும் எழுதலாம். "விதை தேர்ந்தெடுத்தது நான். காலம் தாழ்ந்த விதைப்புக்கு ஆகாத ரகம் என்று தெரிந்தே கொடுத்தேன். விவசாயி மீது குற்றமில்லை, களை எடுத்தார், தண்ணீர் பாய்ச்சினார், அவர் பெயரைக் கிணற்றுப் பட்டியலில் திரும்பச் சேர்க்க வேண்டும்." ஒனக்கு வார்த்தை கெடைக்காதுன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன், பாத்து எழுது. கோடை இன்னும் ஒண்ணரை மாசந்தான் இருக்கு. அதுக்குள்ள வெடி வச்சாத்தான் அந்தக் கிணத்துல ஊத்துக் கெடைக்கும். ஆனி பொறந்துட்டா ஆளுங்க வேற ஊருக்குப் போயிருவாங்க. அடுத்த வருசமும் தண்ணி இல்லைன்னா, புஞ்சையை வித்துட்டு மலேயாவுல இருக்குற மச்சினன் கூப்பிட்ட எடத்துக்குப் போயிர வேண்டியதுதான்னு அண்ணி எங்கிட்டச் சொன்னா. அந்தக் குடும்பம் ஊரு விட்டுப் போறதும் இருக்குறதும் இப்ப ஒன் கையெழுத்துல இருக்கு.

பெரிய வேலை போயிருமேன்னு பயமா? போகட்டும். பழைய சைக்கிள் இருக்கு. அந்த வேலையும் போச்சா, நம்ம புஞ்சை இருக்கு, ஏர் பிடிக்கக் கை இருக்கு. இல்லை, அந்த வேலை நெலைச்சுருச்சுன்னே வச்சுக்க. அறந்தாங்கிப் பக்கமும் மழை பிந்தத்தான் செய்யும். அங்கிட்டும் ஒரு சம்சாரி கையில விதையை அள்ளிக்கிட்டு, இது எத்தனை மாசத்துப் பயிரு தம்பின்னு கேப்பான். அவனுக்கு ஒன்னையத் தெரியாது, ஒன் குடும்பத்தைத் தெரியாது. அவன் மூஞ்சியைப் பாத்து உண்மையைச் சொல்ல ஒனக்கு நாக்கு வரணும்னா, மொதல்ல இங்க அது வரணும். மாலையைப் போட்டுக்கிட்டு நீ சும்மா பஸ் ஏறுனேன்னா, எனக்கு வந்த கெதிதான் ஒனக்கும். சொல்ல ஆளு இல்லாத காலத்துல ஒக்காந்து காயிதம் எழுதிக்கிட்டு இருப்பே.

வார திங்கக்கிழமை மொத பஸ்சுல நானும் சின்னக்கண்ணு அண்ணனும் யூனியன் ஆபீசுக்கு வாரோம். அவரு வர மாட்டேன்னுதான் சொன்னாரு, மாப்ளே பொழப்பு கெட்டுரும் வேண்டாம் தங்கச்சின்னு. நான்தான் இழுத்துக்கிட்டு வாரேன். எங்களுக்கு முன்னால நீ உள்ள போயிக் காயிதத்தைக் குடுத்திருந்தேன்னா, நான் வெளிய வேப்பமரத்தடியிலேயே உக்காந்துக்குவேன், ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். குடுக்கலைன்னா, இந்தக் கடுதாசியோட நகலை எடுத்துக்கிட்டு நான் உள்ள வருவேன். கிராமசேவக்கோட ஆத்தா வந்திருக்கேன், அந்த வயல்ல களை எடுத்தவ வந்திருக்கேன்னு சொல்லி, பெரிய ஆபீசர் மேசைக்கு முன்னால நின்னு சத்தமாப் படிப்பேன். என் குரல் ஒனக்குத் தெரியும்.

எது நடந்தாலும் மூணு பேருக்குச் சோறு கட்டிக்கிட்டு வாரேன். மத்தியானம் மரத்தடிக்கு வா. அவருக்குப் பக்கத்துல உக்காந்து, அவரு மூஞ்சியைப் பாத்துச் சாப்பிடு.

ஒன் ஆத்தா.